நுரை வராத ஊர்

1974 சித்திரையில் இராமநாதபுரத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். பெட்டிக்குள் அம்மா துணியில் சுற்றிக் கொடுத்திருந்த ஒரு சோப்புக் கட்டி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கிய மாமா கொண்டுவந்து கொடுத்தது. காரைக்காலில் எங்கள் தெருவில் சொல்தா வீடுகள் நிறைய. அந்தச் சோப்பு கனசதுரமாக, சின்னச் செங்கல்லை அறுத்து வைத்ததுபோல இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப் பதிந்திருக்கும்: ஸவோன் த மார்செய், எண்ணெய் 72 சதவீதம். வாசனை ஒன்றும் பெரிதாகக் கிடையாது. ஆனாலும் எங்கள் வீட்டில் அது விருந்தாளிக்கு மட்டும் எடுக்கும் சோப்பு.

மறுநாள் காலை, குடியிருந்த வீட்டின் பின்கட்டுக் கிணற்றில் இறைத்து, தலையிலிருந்து கால்வரை அந்தச் சோப்பைத் தேய்த்தேன். நுரை வரவில்லை. இன்னும் தேய்த்தேன். உடம்பெல்லாம் திரிந்த பால்போல வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. தலைமுடி மெழுகு தடவிய சணல்போல விறைத்துவிட்டது. எத்தனை வாளி ஊற்றியும் போகவில்லை. முதல் நாள் அலுவலகத்துக்குப் போகவேண்டியவன் அப்படி நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து வீட்டுக்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"தம்பி, இந்தத் தண்ணிக்குச் சோப்பு எடுபடாது. ஊருணித் தண்ணி குடிக்கத்தான் காணும். குளிக்கிறதுக்கு இதுதான். இந்தாங்க, இதைப் போடுங்க" என்று ஒரு சிரட்டையில் பச்சைப் பொடியைக் குழைத்துக் கொடுத்தார். அரப்பு. தேய்த்ததும் கொழகொழவென்று வந்தது, இரண்டு வாளியில் எல்லாம் போய்விட்டது. மார்செய் சோப்பு விட்டுச் சென்ற மெழுகையும் அது எடுத்துக்கொண்டு போனது.

அன்று பட்ட அவமானம்தான் இந்த விஷயத்தில் எனக்கு அக்கறை வரக் காரணம். பிறகு பல ஆண்டுகள் இந்தக் கரையிலேயே இருந்தேன், ஓய்வுபெற்றும் இங்கேயே தங்கிவிட்டேன். விசாரித்ததையும் படித்ததையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: இங்கே மனிதர்கள் எதைத் தேய்த்துக் குளித்தார்கள் என்பதைத் தீர்மானித்தது நாகரிகமும் அல்ல, விளம்பரமும் அல்ல. கிணற்றுத் தண்ணீர்தான்.

காரணம் இரண்டு. உப்புத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் அதிகம். சோப்பு அவற்றோடு சேர்ந்ததும் கரையாத வேறொரு பொருளாக மாறிவிடுகிறது. உடம்பில் ஒட்டிய அந்த வெள்ளை அதுதான். அவை முழுதும் தீர்ந்த பிறகுதான் நுரை என்ற பேச்சே. இரண்டாவது காரணம் உப்பேதான். சோப்புக் காய்ச்சுகிறவர்கள் அண்டாவில் எண்ணெயும் காரமும் கொதித்து ஒன்றானபின், கடைசியில் உப்பைக் கொட்டுவார்கள். உப்பு சேர்ந்தவுடன் சோப்பு தண்ணீரைவிட்டுப் பிரிந்து மேலே திரளும். மார்செய் நகரில் நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகச் செய்துவந்த வேலை அது. அவர்கள் உப்புப் போட்டுத் திரட்டிய சோப்பை நான் உப்புத் தண்ணீரில் கரைக்கப் பார்த்தேன். இராமநாதபுரத்துக் கிணறு அதை மறுபடியும் திரட்டிக் கொடுத்துவிட்டது!

அரப்பு, சீயக்காய், பூந்திக்கொட்டை ஆகியவற்றின் கதை வேறு. அவற்றில் நுரையைக் கொடுப்பது சாப்போனின் என்ற பொருள். அது சுண்ணாம்போடு சண்டைக்குப் போவதில்லை. நுரை கொஞ்சம்தான் வரும், ஆனால் நல்ல தண்ணீரிலும் உப்புத் தண்ணீரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும். பாசிப்பயற்று மாவுக்கு நுரையே தேவையில்லை, எண்ணெயை உறிஞ்சி உருட்டிக்கொண்டு வந்துவிடும்.

அரப்பு என்று இந்தப் பக்கம் சொல்வது பெரும்பாலும் உசிலை இலையைக் காயவைத்து இடித்த பொடி. உசிலை வறண்ட காட்டு மரம், மழை பொய்த்தாலும் நிற்கும். உசிலம்பட்டி என்ற ஊர்ப்பெயரே அந்த மரத்தால் வந்தது. ஆனால் பழைய ஆட்கள் இலுப்பைப் பிண்ணாக்கையும் அரப்பு என்றே சொல்வார்கள். செக்கில் இலுப்பை எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கை. எண்ணெய் கோவில் விளக்குக்கு, சக்கை தலைக்கு. அதிலும் சாப்போனின் உண்டு, கொஞ்சம் கடுமையானது. கண்ணில் பட்டால் அரை நாள் சிவந்திருக்கும். சீயக்காய் மலையடிவாரத்துச் சரக்கு, இந்தக் கரைக்கு அது கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருள். ஆகவே சீயக்காய் நாள்கிழமைக்கு, அரப்பு அன்றாடத்துக்கு என்று பல வீடுகளில் இருந்தது.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் இவற்றைச் சொல்வதில் பொருளில்லை. அரப்பும் சீயக்காயும் எண்ணெயை எடுப்பதற்காக வந்தவை. எண்ணெய் தேய்த்துக்கொள்வதுதான் குளியல், மற்றதெல்லாம் அதற்குத் துணை. ஆண்களுக்குச் சனி, புதன், பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி என்று நம்மில் யாருக்குத் தெரியாது? நல்லெண்ணெயில் இரண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுச் சூடாக்கி, உச்சியில் வைத்துத் தட்டும் அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆத்திசூடியில் ஔவையார் நீராடலைப் பற்றிச் சொன்ன இடத்தில் உள்ள 'சனி', சனிக்கிழமையா, குளிர்ச்சியா என்று தமிழாசிரியர்கள் வாதாடுவார்கள். எனக்கு இலக்கணம் போதாது, பள்ளியில் தமிழைவிடப் பிரெஞ்சுதான் அதிகம் படித்தேன். ஆனால் கல்லில் வெட்டிய சான்று ஒன்று உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோவில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. அவன் ஆண்டது 1063 முதல் 1070 வரை. கோவிலைச் சேர்ந்த கல்லூரிக்கும் மாணவர் விடுதிக்கும் பதினைந்து படுக்கை கொண்ட வீரசோழன் ஆதுலர் சாலைக்கும் செய்த செலவுக் கணக்கு அது. மாணவர்களுக்குச் சாப்பாடு, படுக்கப் பாய், இரவு விளக்கு, அதோடு சனிக்கிழமைக் குளியலுக்குத் தலைக்கு எண்ணெய். மருத்துவமனைக்கு வைத்தியர், சல்லியக்காரர், மூலிகை கொண்டுவருவோர், சேமித்து வைக்கவேண்டிய தைலங்கள், நெய்கள் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு. வாழ்நாளெல்லாம் பில்லும் வவுச்சரும் எழுதியவன் நான். ஒரு பழக்கம் பட்ஜெட்டில் ஏறிவிட்டால் அது எவ்வளவு ஊறிய பழக்கம் என்பது எனக்குப் புரியும். ஏறக்குறைய 950 ஆண்டுகளுக்கு முன்பே மாணவனின் எண்ணெய்க் குளியல் ஓர் அரசாங்கச் செலவினம்.

இதையெல்லாம் எழுதும்போது 'அந்தக் காலத்தில் எல்லாமே நல்லது' என்ற ராகத்துக்கு நான் வந்துவிடுவேனோ என்று பயம். அதனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

1981-இல் என் மூத்த பையன் பிறந்தான். அப்போது இராமேஸ்வரத்தில் குடியிருந்தோம். பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு பாட்டி வருவார். காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து, கை கால் நீவி, வெந்நீர் ஊற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. முடித்ததும் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுவார். சளி வராது என்பார். மூன்று மாதத்தில் பிள்ளைக்கு இருமல் பிடித்தது, மூச்சு வாங்கியது. எடை ஏறவில்லை. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பெரிய டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "மூக்குல எண்ணெய் விடுறீங்களா?" தண்ணீர் புரையேறினால் பிள்ளை இருமித் தள்ளிவிடும், எண்ணெய் சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும் என்றார். இது ஒரு நிமோனியா, நம் பக்கத்தில் எண்ணெய்க் குளியல் போடும் பிள்ளைகளிடம் அடிக்கடி பார்க்கிறோம் என்றார். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். பையனுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது, நன்றாக இருக்கிறான். ஆனால் அந்தப் பதினெட்டு நாளில் என் மனைவி பேசிய வார்த்தைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பாட்டியை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எங்களுக்கு நல்லதுதான் நினைத்தார். எண்ணெய் தோலுக்கு, மூக்குக்கும் காதுக்கும் அல்ல. பேரப்பிள்ளை எடுத்தவர்கள் இதை மட்டுமாவது வீட்டில் சொல்லிவையுங்கள்.

மார்செய் சோப்புக்கு வருவோம். பள்ளியில் பிரெஞ்சு தேசத்துப் பூகோளம்தான் எங்களுக்கு முதலில். லியோன் என்றால் பட்டு, மார்செய் என்றால் சோப்பு என்று ஒப்பிக்க வேண்டும். சோப்பைப் பற்றிய பழைய செய்தியை ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார்: கால் நாட்டவர் கொழுப்பையும் சாம்பலையும் சேர்த்து ஒன்றைச் செய்தார்கள், அதுவும் உடம்பைக் கழுவ அல்ல, தலைமுடியைச் சிவப்பாக்க. பிரெஞ்சுக்காரரின் முன்னோர் அந்தக் கால் நாட்டவர்தான். எங்கள் வாத்தியார் இதைச் சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்.

1688-இல் பதினான்காம் லூயி காலத்தில் ஓர் அரசாணை வந்தது. மார்செய் சோப்பில் ஒலிவ எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பு எதுவும் சேரக்கூடாது, மீறினால் சரக்குப் பறிமுதல். வெயில் தரத்தைக் கெடுக்கும் என்று ஜூன், ஜூலை, ஆகஸ்டில் காய்ச்சவும் கூடாது. எல்லாரும் இதைக் கொல்பேர் ஆணை என்பார்கள். பெரிய கொல்பேர் இறந்தது 1683-இல். அப்படியென்றால் ஆணை அவருடைய மகன் ஸெய்ஞெலே பிரபு காலத்தது. அப்பா பெயரில் மகனுடைய கோப்பு ஓடுவது எல்லா அரசாங்கத்திலும் நடப்பதுதான்.

ஒலிவ எண்ணெய் எத்தனை நாளைக்குக் காணும்? 19-ஆம் நூற்றாண்டில் தேவை பெருகியது. சோப்புக்கு வேண்டிய சோடாவை உப்பிலிருந்து எடுக்கும் வழியை லெப்லான் 1791-இலேயே கண்டுபிடித்திருந்தார். கொழுப்பு என்றால் என்ன, சோப்பாகும்போது அதில் என்ன நடக்கிறது என்பதை ஷெவ்ரெல் 1823-இல் நூலாக எழுதி விளக்கினார். (மனிதர் 102 வயதுவரை வாழ்ந்தார். என்ன தேய்த்துக் குளித்தாரோ!) அதன்பின் எந்த எண்ணெயும் சோப்புக்கு ஆகும் என்று ஆனது. மார்செய் ஆலைகள் எள்ளையும் நிலக்கடலையையும் கப்பல் கப்பலாக இறக்கின. எங்கிருந்து? செனகலிலிருந்தும், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும். தென்னார்க்காட்டு மணிலாக்கொட்டை மாட்டு வண்டியில் புதுச்சேரித் துறைக்கு வந்து, மூட்டையாக மார்செய் போனது. புதுச்சேரியின் ஏற்றுமதி ஒரு காலத்தில் அதை நம்பித்தான் இருந்தது. மாமா கப்பலில் கொண்டுவந்த அந்தக் கட்டியின் முன்னோர்கள் நம் ஊர் எண்ணெய்தான் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒப்பிக்கச் சொன்ன பூகோளப் புத்தகத்தில் அந்த வரி மட்டும் இல்லை.

ஆங்கிலேயர் பக்கம் வேகமாகப் பார்த்துவிடலாம். லீவர் சகோதரர்களின் சன்லைட் 1888-இல் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கியது, லைஃபாய் 1895-இல். மாட்டுக் கொழுப்பு சேர்ந்தது என்று ஆசாரக்காரர்கள் தொடவில்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த சந்தனக் கட்டை தேங்கியபோது மைசூர் அரசு 1916-இல் சந்தன எண்ணெய் எடுக்கத் தொடங்கியது. மைசூர் சாண்டல் சோப்பு அதிலிருந்து வந்தது. கொச்சியில் 1917-இல் டாட்டா எண்ணெய் ஆலை, அங்கிருந்து நமக்கு 501 பாரும் ஹமாமும். 1940-இல் இரிஞ்ஞாலக்குடாவில் கேசவன் வைத்தியரின் சந்திரிகா, 1969-இல் சென்னையில் ரயில்வே டாக்டர் சித்தனின் மெடிமிக்ஸ். இந்தப் பெயர்களெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். சென்னை மாகாண மீன்துறைதான் நம் கரையின் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் கவனித்துவந்தது. அதே துறை மலபாரின் தானூரில் மத்தி மீன் எண்ணெயில் சோப்புக் காய்ச்சிப் பார்த்தது. செய்யச் சொன்னவர் சர் ஃபிரெடெரிக் நிக்கல்சன், நம் மாகாணத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வித்திட்ட அதே ஐ.சி.எஸ். அதிகாரி. மீன் எண்ணெய்ச் சோப்பை யார் உடம்பில் போட்டுக்கொள்வார்கள்? பயிரில் பூச்சி அடிக்கத்தான் அது நல்ல மருந்தாயிற்று, பின்னாளிலும் விவசாயத்துறை மீன் எண்ணெய் ரோசின் சோப்பைச் சிபாரிசு செய்தது. ஆனால் தானூரில் தொடங்கிய அந்த முயற்சி வீண்போகவில்லை. அதுதான் கோழிக்கோட்டுக் கேரள சோப்பு நிலையமாக வளர்ந்து, தேங்காய் எண்ணெய்ச் சோப்புக்குப் போனது.

நம் கரைக்கு வேண்டியது அந்தத் தேங்காய் எண்ணெய்தான். மற்ற எண்ணெய்களின் சோப்பு உப்பில் திரிந்துபோகும், தேங்காய் எண்ணெய்ச் சோப்பு ஓரளவு தாக்குப்பிடிக்கும். கடல் தண்ணீரிலேயே நுரை வரும். கப்பற்காரர்கள் அதைக் 'கடல் சோப்பு' என்றே வாங்குவார்கள், நடுக்கடலில் குளிக்க நல்ல தண்ணீர் ஏது? இராமேஸ்வரத்துக்கு மாற்றலாகி வந்தபிறகு இதை நேரில் பார்த்தேன். சுங்கப் பிரிவில் எழுத்தர் வேலை. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனபின் தலைமன்னார்க் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்துதான் ஓடியது. இராமானுஜம் கப்பல் வந்து நின்றால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. தாயகம் திரும்பும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள், யாழ்ப்பாணத்து யாத்திரிகர்கள், வியாபாரிகள். மூட்டைகளில் கராம்பு, தேங்காய் எண்ணெய், சோப்பு.

யாழ்ப்பாணத்து மூதாட்டி ஒருவரின் சாமானைப் பட்டியலிட்டபோது "சோப்பு நாலு" என்றேன். "சவுக்காரம் எண்டு எழுதும் தம்பி" என்றார். உலகத்தில் பாதிப் பேருக்கு ஒரே சொல்தான்: பிரெஞ்சில் ஸவோன், அரபியில் ஸாபூன், மலாயில் சாபுன், சிங்களத்தில் சபன். நம் சோப்பும் அந்தக் குடும்பமே. சவுக்காரம் மட்டும் தனியாக நிற்கிறது. அதிலுள்ள காரம், சலவைத் தொழிலாளர்கள் உவர்மண்ணிலிருந்து எடுத்த காரம்தான். உவர்மண்ணுக்கு இந்த ஜில்லாவில் பஞ்சமில்லை.

அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். அவருடைய சின்ன வயதில் பனம்பழத்தைப் பிசைந்து அதில்தான் துணி தோய்ப்பார்களாம். "தோய்ச்சுக் கொடியில போட்டா மாடு வந்து சப்பிப்போடும், வாசம் அப்படி" என்றார். கதை என்று நினைத்தேன். பனங்களியின் கசப்புக்குக் காரணமான பொருளும் ஒரு சாப்போனின்தான் என்று பிற்பாடு படித்தேன். பனைக்கடலுக்கு நடுவில் நாம் இருக்கிறோம். இந்தப் பக்கம் யாரும் அப்படித் துவைத்து நான் பார்த்ததில்லை. கப்பல் 1984-ஐ ஒட்டி நின்றுபோனது. அந்தப் பேச்சும் அதோடு போயிற்று.

சரி, அரப்பு எப்படிப் போயிற்று? சன்லைட் வந்து எண்பது தொண்ணூறு ஆண்டுகள் ஆகியும் சோப்பு இந்தக் கரையில் அரப்பை அசைக்க முடியவில்லை. கைகால் கழுவ, துணி துவைக்கச் சோப்பு வந்தது, தலைக்கு வரவில்லை. தண்ணீர் விடவில்லை. கடைசியில் அரப்பை வீழ்த்தியவர்கள் கடலூர்க்காரர்கள். சின்னி கிருஷ்ணன் சின்னப் பிளாஸ்டிக் உறையில் சரக்கை அடைத்து விற்கும் வழியைக் கண்டார். அவர் பிள்ளைகள் வெல்வெட் ஷாம்பு கொண்டுவந்தார்கள். இளையவர் ரங்கநாதன் 1983-இல் தனியாகப் பிரிந்து சிக் ஷாம்பு தொடங்கினார். பிறகு ஐம்பது காசுக்குத் தலைக்குளியல். ஷாம்பு சோப்பு அல்ல. அதிலுள்ள நுரைப்பொருள் சுண்ணாம்போடு திரியாது. எந்த உவர்க் கிணற்றிலும் பொங்கும். நூறாண்டாகச் சோப்புக்கு அடைத்திருந்த கதவு ஷாம்புக்கு ஒரே நாளில் திறந்துகொண்டது. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கியது. இரண்டு மூன்று வருடத்தில் எங்கள் தெருவில் அரப்பு இடிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல ஷாம்புகளிலும் நுரைக்குச் சேரும் சோடியம் லாரில் சல்ஃபேட் என்பதில் உள்ள லாரில், பெரும்பாலும் தேங்காய் எண்ணெயிலிருந்தோ பனைவகைக் கொட்டை எண்ணெயிலிருந்தோ எடுப்பது. ஆக, தேங்காய் எண்ணெய் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து ஜெயித்திருக்கிறது.

2010-ஐ ஒட்டிக் காவிரிக் கூட்டுக் குடிநீர் எங்கள் பக்கம் குழாயில் வந்தது. 1974-இல் நான் தோற்ற அதே ஊரில் இப்போது எந்தச் சோப்பும் நுரைக்கும், குழாய் வரும் நாளில். வராத நாளில் பழைய கிணறுதான்.

இப்போது 'இயற்கை' என்று அட்டை ஒட்டி ஒரு சோப்பை நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். வாங்குவதைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்கவேண்டும். எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் தண்ணீரும் சேர்ந்தால் சோப்பு, அவ்வளவுதான். ஒரு கிலோ தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 180 கிராம் காஸ்டிக் சோடா பிடிக்கும், நல்லெண்ணெய்க்கு 135 கிராம் போதும். என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் வீட்டிலேயே செய்வார். கணக்குக்கு நாலைந்து பங்கு குறைவாகவே காரம் போடுவார், கொஞ்சம் எண்ணெய் மிஞ்சினால் தோலுக்கு நல்லது என்று. அச்சில் ஊற்றி நாலு வாரம் காயவைப்பார். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போடவேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, தெறிக்கும். ஒருமுறை மறந்து ஊற்றி, புறங்கையில் தழும்பு வாங்கிக்கொண்டார். அவர் சோப்பில் வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. எனக்கு என் மாமாவின் கட்டிதான் ஞாபகம் வரும்.

எழுபதைத் தாண்டியபின் எனக்குக் காலில் தோல் வறண்டு செதில் செதிலாக உரிகிறது. தோல் டாக்டர் தினமும் உடம்பு முழுக்கச் சோப்புப் போடவேண்டாம், அக்குளுக்கும் இடுக்குகளுக்கும் போதும், துவட்டியதும் ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவுங்கள் என்றார். அரிப்பு நின்றிருக்கிறது. ஆனால் எண்ணெய்க் காலோடு குளியலறைத் தரையில் நடக்காதீர்கள், தடவுவதைக் கட்டிலில் உட்கார்ந்து செய்யுங்கள்.

போன மாதம் மனைவிக்குத் தலையில் அரிப்பு என்று அரப்புத் தேடிப்போனேன். நாட்டு மருந்துக் கடையில் உசிலை அரப்பு கிடைத்தது, நெகிழிப் பையில், கால் கிலோ. பழைய ஞாபகத்தில் இலுப்பைப் பிண்ணாக்கு இருக்கிறதா என்றேன். கடையிலிருந்த பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அது குளத்துல வேண்டாத மீனைச் சாகடிக்கப் போடுறதுங்க ஐயா. எத்தனை ஏக்கர் குளம்?"

சாப்போனின் மீனின் செவுளைத் தாக்கும் என்பது உண்மை, பையன் சொன்னதில் தப்பில்லை. குளம் எதுவும் இல்லை, தலைக்குத்தான் என்றேன். உள்ளே போய் முதலாளியைக் கேட்டுவிட்டு வந்தான். ஐம்பது கிலோ மூட்டையாகத்தான் தருவார்களாம்.